காலில் கீறல், கிருமிக்குக் கதவு!



ஒரு மழைக்காலக் காலையை எண்ணிப் பாருங்கள். பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குப் போகிறார்கள். இரவெல்லாம் பெய்த மழையில் செம்பனை மரங்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. ஒரு தோழர் பூட்ஸ் கிழிந்துவிட்டதால் சிலிப்பரோடு வந்திருக்கிறார். நேற்று மட்டை முள் கிழித்த கீறல் கணுக்காலில் இன்னும் ஆறவில்லை. "சின்னக் கீறல்தானே, என்ன செஞ்சிடப் போகுது?" என்று தண்ணீரில் இறங்கி, உதிரிப் பழத்தைப் பொறுக்குகிறார். மாலையில் வீடு திரும்பிக் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுக்கிறார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்துத் திடீரென்று காய்ச்சல் கொதிக்கிறது. குளிர் நடுக்குகிறது. தலை பிளக்கிறது. கெண்டைக்கால் சதையைத் தொட்டால் "ஐயோ!" என்று கத்துகிறார். கண் சிவந்து கிடக்கிறது. "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திடலாங்க" என்று மனைவி சொல்கிறார். "மழையில நனைஞ்சது. ரெண்டு பெனடோல் போட்டா சரியாப் போயிடும்" என்கிறார் இவர்.

பத்து நாளுக்கு முன்னால் தண்ணீரில் நின்றதை அவர் மறந்துவிட்டார். ஆனால் அந்தத் தண்ணீரில் இருந்த கிருமி அவரை மறக்கவில்லை. இதுதான் எலிக் காய்ச்சல். மருத்துவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். நம் நாட்டு மக்கள் வாயில் இதற்குக் 'கென்சிங் திக்குஸ்' என்று பெயர், அதாவது எலி மூத்திர நோய்.

இந்த நோயை ஏற்படுத்தும் கிருமி நம் உடம்புக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் என்ன செய்கிறது, அதை எங்கே தடுக்கலாம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

கிருமிக்கும் ஒரு வாசல் வேண்டும்

பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் நம்மைச் சுற்றி எங்கும் இருக்கின்றன. மண்ணில், தண்ணீரில், நம் தோலில், குடலில் எல்லாம் கோடிக்கணக்கில் உள்ளன. பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்வதில்லை. நோய் தருபவை சில மட்டுமே. அவையும் நினைத்த இடத்தில் நுழைந்துவிட முடியாது. ஒவ்வொரு கிருமிக்கும் அதற்கென்று ஒரு வாசல் உண்டு.

காலராக் கிருமிக்கு வாய்தான் வாசல். கெட்ட தண்ணீரோடும் உணவோடும் உள்ளே போகும். காசநோய்க் கிருமிக்கு மூச்சுதான் வாசல். நோயாளி இருமும்போது காற்றில் கலந்து வரும். நாம் பேசும் எலிக் காய்ச்சல் கிருமிக்கு முக்கிய வாசல் தோலில் உள்ள கீறலும் வெட்டும். நெடுநேரம் தண்ணீரில் ஊறி மென்மையாகிவிட்ட தோல் வழியாகவும் அது புகும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் உள்தோல் வழியாகவும் புகும். முழுத்தோல், உலர்ந்த தோல் நமக்குக் கோட்டைச் சுவர் மாதிரி. சுவரில் ஓட்டை விழுந்தால்தான் ஆபத்து.

ஆகவே, எந்தக் கிருமியைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் "இதற்கு வாசல் எது?" என்று முதலில் கேளுங்கள். வாசல் தெரிந்தால் பூட்டத் தெரியும்.

எலியின் சிறுநீரகத்தில் குடித்தனம்

இந்தக் கிருமி சுருள் கம்பி போல் முறுக்கிக்கொண்டிருக்கும். அதன் நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். நூறு கிருமிகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். தடிமனோ மிக மிகக் குறைவு. சாதாரண முறையில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்கூடக் கண்ணுக்குப் படாது. தனி ஏற்பாடு வேண்டும். தக்கைத் திருகியைப் போலச் சுழன்று சுழன்று தண்ணீரில் வேகமாக நீந்தும்.

இது நிரந்தரமாகத் தங்கும் வீடு எலியின் சிறுநீரகம். வேடிக்கை என்னவென்றால், எலிக்கு நோய் வருவதில்லை. அது ஓடி ஆடித் தின்று திரிகிறது. ஆனால் மூத்திரம் போகும் இடமெல்லாம் கிருமியை விதைத்துக்கொண்டே போகிறது. மாதக்கணக்கில், சில எலிகள் ஆயுள் முழுவதும்கூட இப்படிச் செய்யும். மாடு, பன்றி, நாய் ஆகியவையும் இந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும். ஆகவே மாடு வளர்க்கும் நம் குடும்பங்கள் கொட்டகை கழுவும்போது கவனமாக இருக்க வேண்டும்.

ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். உலர்ந்த இடமும் சுடு வெயிலும் அதற்கு எமன்.

செம்பனைத் தோட்டம் எலிக்கு விருந்து மண்டபம் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? 1917-இல் கோலசிலாங்கூர் அருகே தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பழத்தைத் தின்னும் காட்டெலியோடு தோட்டங்கள் போராடித்தான் வருகின்றன. எலி உள்ள இடத்தில் அதன் மூத்திரமும் உண்டு. மழை அதைக் கழுவி, நாம் நிற்கும் தண்ணீரில் சேர்க்கிறது.

உள்ளே போன பிறகு

கீறல் வழியாக நுழைந்த கிருமி அங்கேயே தங்குவதில்லை. நேராக இரத்தத்துக்குப் போய்விடுகிறது. பொதுவாக 5 முதல் 14 நாள் வரை ஓசையில்லாமல் பெருகுகிறது. சிலருக்கு இரண்டே நாளில் நோய் தெரியும். சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

நம் இரத்தத்தில் காவல்காரர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் பல கிருமிகளை அவற்றின் மேலுறையைப் பார்த்தே அடையாளம் கண்டு தாக்குகிறார்கள். ஆனால் இந்தக் கிருமியின் மேலுறை மனித உடம்பின் காவலுக்குச் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை. அதற்குமேல் ஒரு தந்திரமும் செய்கிறது. நம் இரத்தத்திலேயே உள்ள சில புரதங்களைத் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. வெளியாள் ஒருவன் நம் தோட்டத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு பெரட்டில் நின்றால் மண்டோர் என்ன செய்வார்? "நம்ம ஆளுதான்" என்று விட்டுவிடுவார் அல்லவா? அதே கதைதான்.

காவல் விழித்துக்கொள்வதற்குள் கிருமி உடம்பெங்கும் பரவிவிடுகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. ஈரலில் செல்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. அதனால் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அதனால் மூத்திரம் குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. நுரையீரலில் இரத்தம் கசிந்தால் இருமலில் இரத்தம் வரும், மூச்சுத் திணறும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வையும் அது தொடக்கூடும்.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நோய் கண்ட பெரும்பாலோருக்கு இது சாதாரணக் காய்ச்சலாகவே வந்து போய்விடும். ஆனால் யாருக்கு முற்றும், யாருக்கு முற்றாது என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இந்நோய் கடுமையாக வருவதாகவும், சுமார் 59,000 பேர் இறப்பதாகவும் 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. அவர்களில் பெரும்பகுதி நம்மைப் போன்ற வெப்ப நாட்டு ஏழை மக்கள், தண்ணீரிலும் சேற்றிலும் நின்று உழைப்பவர்கள்.

ஒரு வஞ்சகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு மூன்று முதல் ஏழு நாளில் காய்ச்சல் இறங்கும். "ஆளு தேறிட்டாரு" என்று வீட்டில் மகிழ்வார்கள். ஓரிரு நாள் கழித்து நோய் மறுபடியும் திரும்பும். சிலரை அப்போதுதான் அது கடுமையாகத் தாக்கும். காய்ச்சல் இறங்கியவுடன் நோய் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க உதவியவர்களும் தொழிலாளர்களே

காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரும் இந்த நோயை 1886-இல் அடால்ஃப் வைல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்து எழுதினார். காரணம் அப்போது தெரியவில்லை. 1915-இல் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இரு ஆய்வாளர்கள் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். யாரிடம்? நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம்! தண்ணீர் தேங்கிய சுரங்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். எலிதான் கிருமியைச் சுமக்கிறது என்பதும் அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கேயே தெரிய வந்தது.

நம் மலாயாவில் 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெச்சர் இந்த நோயை ஆராய்ந்தார். 1900-இல் தொடங்கப்பட்ட கழகம் அது. மலேரியா கொடிகட்டிப் பறந்த காலம். காய்ச்சல் என்றாலே மலேரியா என்று எண்ணிய நாளில், தோட்டக்காட்டில் வேறு காய்ச்சல்களும் உண்டு என்று காட்டியவர்களில் அவர் ஒருவர்.

இன்றைக்கு மலேரியா போய் டெங்கி வந்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் காய்ச்சல் என்றவுடன் எல்லாருக்கும் டெங்கிதான் நினைவுக்கு வருகிறது. முதல் சில நாட்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் டெங்கி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. எலிக் காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. அதற்குப் பெனிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் உண்டு. நோய் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே கொடுத்தால்தான் முழுப் பலன்.

உங்கள் வாய்தான் முதல் சோதனை

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்த நோயை உறுதி செய்யும் இரத்தச் சோதனை, உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிய பிறகுதான் சரியாகக் காட்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மருந்தோ அதற்கு முன்பே தொடங்க வேண்டும். அப்படியானால் மருத்துவர் எதை வைத்து முடிவு செய்வார்? நீங்கள் சொல்வதை வைத்துத்தான்.

நம்மவர்கள் பலர் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, "காய்ச்சல் டாக்டர், எம்.சி. கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். நீங்கள் தண்ணீரில் நின்றது மருத்துவருக்கு எப்படித் தெரியும்? இனிமேல் இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் செம்பனைத் தோட்டத்துல வேலை செய்யிறேன். எலி நிறைய இருக்கு. போன வாரம் தேங்குன தண்ணியில நின்னேன். காலுல காயம் இருந்துச்சு." தமிழ் தெரியாத மருத்துவர் என்றால், "டாக்டர், சாயா கெர்ஜா டி லாடாங். அடா பான்யாக் திக்குஸ். காக்கி அடா லுக்கா" என்று சொன்னால் போதும். இந்த நாலு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றலாம். 2010 டிசம்பர் முதல் இந்த நோய் கண்டால் மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அரசாங்கமும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

காய்ச்சலோடு கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, மஞ்சள் நிறம், மூத்திரம் குறைதல், மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். நீங்களே மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக்கோ வலி மாத்திரையோ வாங்கிப் போடாதீர்கள். எல்லா மருந்தும் எல்லாருக்கும் ஆகாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் விசேஷக் கவனம் பெற வேண்டியவர்கள்.

அதே வாசலில் இன்னொரு திருடன்

காலில் உள்ள கீறலைத் தேடி வருவது எலிக் காய்ச்சல் கிருமி மட்டுமல்ல. நம் மண்ணிலேயே வாழும் இன்னொரு பாக்டீரியாவும் உண்டு. அது தரும் நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். 1912-இல் இரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதன்முதலாக எழுதி வைத்தார்கள். அதற்குப் பெயர் சூட்டியவர்கள் நம் கோலாலம்பூர்க் கழகத்து ஸ்டாண்டனும் ஃபிளெச்சரும். இந்தக் கிருமி சர்க்கரை நோயாளிகளைத்தான் மிகவும் கடுமையாகத் தாக்கும். நம் சமுதாயத்தில் சர்க்கரை நோய் எந்த அளவுக்கு இருக்கிறது என்று உங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் பார்த்தாலே தெரியும். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் கீறல் விழுந்ததே தெரியாது.

2010-இல் பகாங் மாநிலம் மாரான் பக்கம் லூபோக் யூ என்ற இடத்தில், தண்ணீரில் மூழ்கிய ஓர் இளைஞரைத் தேட ஊர் மக்களும் மீட்புப் படையினரும் இறங்கினார்கள். உதவி செய்யப் போனவர்களில் பலருக்கு இந்த இரண்டு நோய்களும் வந்தன. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. நல்ல மனத்தோடு இறங்கினாலும், கிருமி அதைப் பார்ப்பதில்லை.

பட்டணத்துக்குப் போனாலும் விடாது

தோட்டம் துண்டாடப்பட்டுக் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் பிள்ளைகளோடு குடிபெயர்ந்தவர்கள், "நமக்கென்ன, இப்போ தாமான்ல இருக்கோம்" என்று நினைக்க வேண்டாம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். ஆனால் பட்டணத்து எலி தன் வளையோடு நிற்பதில்லை. சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்து, மார்க்கெட், சாக்கடை எல்லாம் அதன் ராஜ்யம். குப்பை அள்ளும் தோழர்கள், சாக்கடை சுத்தம் செய்பவர்கள், மார்க்கெட்டில் வேலை செய்பவர்கள் தோட்டத் தொழிலாளியைப் போலவே ஆபத்தில் இருக்கிறார்கள்.

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவையும் கிள்ளான் வட்டாரத்தையும் வெள்ளம் மூழ்கடித்ததை மறக்க முடியுமா? வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு சேற்றை அள்ளிய குடும்பங்கள் எத்தனை! வெள்ளத்துக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சல் கண்டால், தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வாசலைப் பூட்டும் வழி

வேலைக்குப் போகுமுன் காலையும் கையையும் பாருங்கள். கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். பூட்ஸ் போடாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். உதிரிப் பழம் பொறுக்கும்போது கையுறை போடுங்கள். கை கழுவாமல் காட்டில் சோறு உண்ணாதீர்கள். கழுவ நல்ல தண்ணீர் ஒரு போத்தல் கொண்டு போங்கள். பாரிட் தண்ணீரில் முகம் கழுவவோ வாய் கொப்பளிக்கவோ வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். பிள்ளைகளைத் தேங்கிய குட்டையில் விளையாட விடாதீர்கள்.

வீட்டில் அரிசி, மாவு எல்லாவற்றையும் மூடி வையுங்கள். குப்பையை அன்றன்றே அகற்றுங்கள். எலி நடமாடிய தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், குளோரோக்ஸ் கலந்த தண்ணீரால் துடைத்து உலர விடுங்கள். ப்ளீச்சும் வெயிலும் இந்தக் கிருமியைக் கொல்லும்.

ஆந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. எலியைக் குறைக்கப் பல செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைக்குக் கூண்டு வைக்கிறார்கள். ஆந்தை அலறினால் ஆகாது என்று அதைக் கல்லால் அடிப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ஓர் ஆந்தைக் குடும்பம் தின்னும் எலிக்கு அளவில்லை. அதை விரட்டினால் நாம் எலிக்குத்தான் துணை போகிறோம்.

பூட்ஸ் சலுகை அல்ல, உரிமை

கடைசியாகச் சங்கத்தின் வார்த்தை. வேலையிடத்தில் தொழிலாளியின் உடல்நலத்தைக் காக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அச்சட்டத்தின்படி வழங்கப்படும் பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பூட்ஸ் கிழிந்தால், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். வேலையினால் வந்த நோய் என்றால் சொக்சோவில் மனுச் செய்யவும் வழி உண்டு. மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். கிருமி கடப்பிதழ் பார்த்து நுழைவதில்லை.

தோழர்களே, நமக்கு நிலம் இல்லை, வங்கியில் பணம் இல்லை. இந்த உடம்புதான் நம் முதல். நாளைக் காலை வேலைக்குக் கிளம்புமுன் ஒரு நிமிடம் குனிந்து உங்கள் காலைப் பாருங்கள். கீறல் இருந்தால் மூடுங்கள். காய்ச்சல் வந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.